கணிப்பொறிக்குக் கட்டளை வகுத்த ஆலன் டூரிங்

கணிப்பொறி இக்காலத்தில் வங்கியிலும் மருத்துவமனையிலும் புகைவண்டி நிலையத்திலும் புகுந்து, நம் சட்டைப்பையிலும் குடிகொண்டுவிட்டது. ஆயினும் அது தானாக ஒன்றும் அறியாது. இன்னது செய்க, அது முடிந்தபின் இன்னது செய்க என்று மக்கள் முறைப்பட எழுதிவைத்த கட்டளைகளையே அது பின்பற்றுகின்றது. அக்கட்டளைத் தொடரை நிரல் என்கின்றோம். நாஞ்சில் நாட்டு இளைஞர் பலர் இத்தொழிலைக் கற்றுத் திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்று பிழைக்கின்றனர். அவர்கள் நாள்தோறும் எடுத்தாளும் சிறு நிரல் துணுக்குகளுக்கும், பொறியைப் பழக்கும் குறிப்புகளுக்கும் முதன்முதல் வழிவகுத்த சிலருள் தலையாயவர் ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேயர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

குடியும் பிறப்பும்

கோயம்புத்தூருக்கு அணித்தாயுள்ள போத்தனூர் என்னும் இருப்புப்பாதை ஊரை நம்மில் அறியாதார் சிலரே. அவ்வூரில் 1881-ஆம் ஆண்டு எதெல் சாரா ஸ்டோனி என்னும் பெண்மகவு பிறந்தது. அம்மகவின் தந்தையார் எட்வர்டு வாலர் ஸ்டோனி என்பார், சென்னை மாகாணத்து இருப்புப்பாதையில் தலைமைப் பொறியாளராய் விளங்கியவர். ஓசை எழாது இயங்கும் பங்காச் சக்கரம் ஒன்றைத் தாமே அமைத்து உரிமை பெற்றவர். அக்குழந்தை வளர்ந்து, சென்னை மாகாணத்தில் சிவில் உத்தியோகம் வகித்த ஜூலியஸ் மாத்திசன் டூரிங் என்பாரை 1907-இல் டப்ளின் நகரில் மணந்தனர். ஜூலியஸின் தந்தையார் ஒரு திருச்சபைக் குருவானவர். இவர்களுக்கு முதற்புதல்வராகிய ஜான் 1908-இல் குன்னூரில் பிறந்தார். இரண்டாம் புதல்வரே நம் சரித்திர நாயகர். அவர் 1912-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தாய் பிறந்த மண்ணும் தமையன் பிறந்த மண்ணும் நம் தமிழ் மண்ணே என்பது நாம் எண்ணி மகிழற்பாலது.

தந்தையின் உத்தியோகம் இந்தியாவில் ஆகலின், சிறுவர் இருவரும் இங்கிலாந்தில் ஓர் ஓய்வுபெற்ற படைத்தலைவர் இல்லத்தில் விடப்பட்டனர். பெற்றோரை ஆண்டுக்கணக்கிற் பிரிந்து வாழ்ந்த குழந்தைப் பருவம் அவருடையது. அதனாற்போலும் தனித்திருந்து எண்ணும் இயல்பு அவர்பால் இளமையிலேயே வேரூன்றியது.

கல்வியும் நட்பும்

1926-இல் அவர் ஷெர்போர்ன் என்னும் பள்ளியிற் சேரப் புறப்பட்ட நாளில் நாடெங்கும் பெரிய வேலைநிறுத்தம் நிகழ்ந்தது, புகைவண்டிகள் ஓடவில்லை. பதினான்கு வயதும் நிரம்பாத சிறுவர், சவுதாம்ப்டன் துறைமுகத்தினின்று ஏறக்குறைய 60 மைல் தொலைவைச் சைக்கிளிலேயே கடந்து, இடையே ஒரு சத்திரத்தில் இராத்தங்கிப் பள்ளியை அடைந்தார். ஆசிரியர் சிலர், இலக்கியத்தில் நாட்டமின்றிக் கணக்கிலேயே மூழ்கிக் கிடக்கும் இவரைக் குறைகூறினர். ஆனால் கிறிஸ்டபர் மார்க்கம் என்னும் மாணவர் இவருக்கு உயிர்த்தோழராய் வாய்த்தார். இருவரும் வானநூலும் கணிதமும் பேசிப் பொழுதுபோக்கினர். அத்தோழர் 1930 பிப்ரவரியில் எலும்புருக்கி நோயால் திடீரென மாண்டார். அப்பிரிவு டூரிங்கை விட்டு என்றும் அகலவில்லை. மாண்ட நண்பரின் அன்னையாருக்கு அவர் பல ஆண்டுகள் கடிதம் எழுதிவந்தார். மனம் என்பது யாது, அஃது உடலோடு எங்ஙனம் பிணிப்புண்டது என்னும் வினா அக்காலத்திலேயே அவருள்ளத்திற் புகுந்தது.

1931-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்து, 1934-இல் கணிதத்தில் முதல்வகுப்பில் தேறி, 1935-இல் தம் 22-ஆம் வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வாளர் பதவியைப் பெற்றார்.

எண்ணத்தில் எழுந்த பொறி

அக்காலக் கணிதப் புலவரிடையே ஒரு வினா உலவியது. கணிதக் கூற்று எதனைக் கொடுத்தாலும், அது நிறுவத்தக்கதா அன்றா என்பதை இயந்திரம் போலத் தவறாது தீர்த்துரைக்கும் முறை ஒன்று உண்டோ என்பதே அவ்வினா. ஜெர்மானியப் பேராசிரியர் ஹில்பெர்ட் இதனை எழுப்பியிருந்தார். இதற்கு விடைகாணப் புகுந்த டூரிங், முறை என்பதே யாது என்று முதலில் ஆராய்ந்தார்.

கணக்கிடும் ஒருவன் செய்வன யாவை? கட்டம் கட்டமாய் அமைந்த நீண்டதொரு நாடாவை அவன் கையிற் கொண்டுள்ளான் எனக் கருதுக. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தையே அவன் காண்பான். அதிலுள்ள குறியைப் படிப்பான். அதனை அழிப்பான் அல்லது வேறு குறி எழுதுவான். வலமோ இடமோ ஒரு கட்டம் நகர்வான். இன்ன நிலையில் இன்ன குறியைக் கண்டால் இன்னது செய்க என்னும் சிற்றட்டவணை ஒன்றே அவனுக்கு வழிகாட்டி. இத்துணை எளிய செயல்களாலேயே மனிதன் முறைப்படிச் செய்யும் கணக்கு யாவும் முடியும் என்று அவர் காட்டினார். பின்னும் ஒருபடி சென்று, ஓர் இயந்திரத்தின் அட்டவணையையே நாடாவில் எழுதிக் கொடுத்தால், அதனைப் படித்து அவ்வியந்திரமாகவே நடந்துகொள்ளும் பொதுவியந்திரம் ஒன்று இயலும் என்றும் நிறுவினார். வேலைக்கு ஒரு பொறி வேண்டுவதில்லை. பொறி ஒன்றே போதும், கட்டளையை மாற்றினால் வேலை மாறும் என்னும் பேருண்மை இதனால் விளங்கிற்று. ஹில்பெர்ட்டின் வினாவுக்கு, அத்தகைய முறை இல்லை என்பதே விடையாயிற்று. அமெரிக்கப் பேராசிரியர் அலான்சோ சர்ச் என்பாரும் வேறு வழியால் இதே முடிவை அவ்வாண்டில் வெளியிட்டிருந்தார்.

1936-இல் எழுதப்பெற்ற இக்கட்டுரையில் நாம் கருதத்தக்கது மற்றொன்றும் உண்டு. பொதுவியந்திரத்தின் அட்டவணை நீண்டு விரிவது. ஒரு குறியைத் தேடுதல், அழித்தல், படியெடுத்தல், இரு குறிகளை ஒப்பிடுதல் ஆகிய சிறு வேலைகள் அதில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவற்றை ஒவ்வோரிடத்தும் எழுதாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு அட்டவணையை ஒருமுறை வகுத்துப் பெயரிட்டு, வேண்டிய இடத்திற் பெயரை மட்டும் குறித்தார். நன்னூல் கற்பார்க்கு இம்முறை புதிதன்று. ஓரிடத்துக் கூறிய விதியை மற்றோரிடத்துக்கும் பொருத்திச் செல்வதை நம் இலக்கண ஆசிரியர் மாட்டெறிதல் என்றனர். சுருங்கக் கூறி விளங்க வைக்கும் அந்நெறியே நிரல் துணுக்குகளின் தொடக்கமாம்.

போர்க்காலத் தொண்டு

1936 முதல் 1938 வரை அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சர்ச்சின்கீழ் ஆய்ந்து டாக்டர் பட்டம் பெற்றுத் தாயகம் மீண்டார். 1939 செப்டம்பரில் பிரிட்டன் போரில் இறங்கிய மறுநாளே பிளெட்ச்லி பார்க் என்னும் மறைவிடத்திற்கு அழைக்கப்பெற்றார். ஜெர்மானியர் எனிக்மா என்னும் பொறியால் தம் செய்திகளை எழுத்து மாற்றி அனுப்பினர். போலந்து நாட்டுக் கணிதர் அப்பொறியின் மறையை 1932-லேயே ஊடுருவியிருந்தனர். எனினும் ஜெர்மானியர் முறையை மாற்றிக் கடுமையாக்கவே, புதிய வழி வேண்டியதாயிற்று.

எனிக்மாவில் எந்த எழுத்தும் தானாகவே மாறி வாராது என்பது ஒரு குறை. செய்தியில் இன்ன சொல் இருத்தல் கூடும் என்று ஊகித்து, அச்சொல்லை மறையெழுத்தின்மேல் பொருத்திப் பார்த்து, முரண்படும் அமைப்புகளை விரைந்து தள்ளிவிடும் மின்பொறி ஒன்றை டூரிங் வகுத்தார். கார்டன் வெல்ச்மன் என்பார் அதனைச் செம்மை செய்தார். கடலில் உணவுக் கப்பல்களை மூழ்கடித்துவந்த நீர்மூழ்கிகளின் செய்திகளைப் படிக்கும் பகுதிக்கு டூரிங்கே தலைவரானார். இத்தொண்டுக்காக அரசு அவருக்கு 1946-இல் ஒரு விருது அளித்தது. ஆனால் எதற்காக அளித்தது என்று யாரும் அறியவில்லை. பெற்ற தாய்க்கும் அவர் சொல்லக்கூடவில்லை. 1974-ஆம் ஆண்டளவிலேயே இம்மறை உலகினருக்கு வெளிப்பட்டது. அப்போது அவர் மறைந்து இருபதாண்டு கழிந்திருந்தது.

அக்காலத்தில் அவர் ஏறிச்சென்ற சைக்கிளின் சங்கிலி அடிக்கடி கழலும் என்றும், இத்தனை சுற்றுக்கு ஒருமுறை கழலும் என்று எண்ணி அறிந்து, அந்த நேரத்தில் இறங்கிச் சரிசெய்துகொள்வார் என்றும் உடனிருந்தோர் கூறுவர். பழுதின் காரணத்தை எண்ணிக்கையால் அறியும் அவர் இயல்புக்கு இஃது எடுத்துக்காட்டு.

திரும்பும் இடத்தைப் புதைத்துவைத்தல்

போர் முடிந்தபின் 1945-இல் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து, எண்ணத்திற் கண்ட பொதுவியந்திரத்தை மின்குமிழ்களாற் செய்யத் திட்டம் வகுத்தார். பாதரசம் நிறைந்த குழாய்களில் ஒலியலைகளாக எண்களைச் சுழலவிட்டு நினைவிற் காக்கும் அமைப்பு அது. ஒரு குழாய்க்கு 1,024 குறிகள். அத்திட்டத்தில் அவர் கூறிய ஓர் உத்தி இன்றளவும் நிலைத்துள்ளது.

பெருங்கணக்கொன்றைச் செய்கையில், இடையே வர்க்கமூலம் காணவேண்டி நேரலாம். வர்க்கமூலம் காணும் துணைநிரல் தனியே எழுதிவைக்கப்பட்டுள்ளது. பொறி அங்கே சென்று வேலையை முடித்தபின் எவ்விடத்துக்குத் திரும்புவது? அத்துணைநிரலைப் பலவிடங்களினின்றும் அழைப்பதால், திரும்பும் இடத்தை அதனுள் நிலையாக எழுதிவைக்க இயலாது. ஆகவே புறப்படுமுன் விட்ட இடத்தைக் குறித்துப் புதைத்துவைத்தல் வேண்டும். வேலை முடிந்ததும் அக்குறிப்பைத் தோண்டியெடுத்து அவ்விடமே மீளல் வேண்டும். புதைத்தல், தோண்டல் என்னும் பெயர்களையே அவர் இட்டார். துணைநிரலுக்குள் மற்றொரு துணைநிரல் வந்தாலும் குறிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படியும். கடைசியிற் புதைத்தது முதலில் எடுக்கப்படும். உரைநூல் படிப்பவன் இடையே நிகண்டு பார்க்க நேர்ந்தால், விட்ட ஏட்டிற் கயிற்றை இட்டுச் செல்வது போல்வது இது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை நெட்டுருச் செய்தவன், எந்தக் கணக்கிலும் வாய்பாட்டை வேண்டும்போது அழைத்து, விடைபெற்றவுடன் விட்ட இடத்திற்கு மீள்வதும் இதுவே.

அலுவலகத் தாமதங்களால் டூரிங்கின் திட்டம் மெல்ல நகர்ந்தது. அத்திட்டத்தின் சிறுவடிவம் 1950-இல் இயங்கியபோது அவர் அங்கில்லை. மனம் சலித்தவர் உடலை ஓட்டப்பயிற்சியிற் செலுத்தினார். 1947-இல் மாரத்தான் ஓட்டத்தை 2 மணி 46 நிமிடத்தில் முடித்து ஐந்தாவதாய் வந்தார் என்றால் அவர் ஊக்கத்தை என்னென்பது!

மான்செஸ்டரும் கையேடும்

1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரீடர் பதவி ஏற்றார். அவ்வாண்டு ஜூன் 21-ஆம் நாள், வில்லியம்ஸ், கில்பர்ன் என்னும் பொறியாளர் ஆங்கு அமைத்த சிறுபொறி, தன் நினைவிலேயே தாங்கிய நிரலை உலகில் முதன்முதல் நடத்திக் காட்டியது. அதன் வழிவந்த பெரும்பொறியை பெராண்டி நிறுவனத்தார் செய்து 1951 பிப்ரவரியில் அளித்தனர். அதனைப் பயன்படுத்துவோர்க்கு ஒரு கையேடு வேண்டுமே! அதனை எழுதினவர் டூரிங்.

அப்பொறியின் ஒரு கட்டளை இருபது குறிகளாலானது; அதனைத் தந்தியச்சின் நான்கு எழுத்துகளால் எழுதினர். முப்பத்திரண்டு எழுத்துகளும் முப்பத்திரண்டு எண்களைக் குறித்தன. சுழியத்தைக் குறித்தது ஒரு சாய்கோடு. ஆதலின் தாளெங்கும் சாய்கோடுகள் மழைத்தாரை போல நிறைந்திருந்தன. அன்றியும் எண்களைத் தலைகீழாய், சிறிய இலக்கம் இடப்பக்கத்தும் பெரியது வலப்பக்கத்தும் வர எழுதினர். டூரிங்குக்கு இது சிறிதும் இடர் தரவில்லை, ஏனையோர் அல்லலுற்றனர்.

எனினும் கையேட்டில் அவர் தந்த அறிவுரைகள் பொன்போற் போற்றத்தக்கவை. முதலில் திட்டம் வகுத்துக்கொள்க; பின்னர்ச் சிக்கலைச் சிறு பகுதிகளாய்ப் பிரிக்க; முன்பே நூலகத்தில் உள்ள துணைநிரல்களை எடுத்தாள்க; இல்லாதவற்றைப் புதிதாய் எழுதுக; தலைமை நிரலை இறுதியில் அமைக்க என்பது அவர் காட்டிய நெறியின் சாரம். தொகுத்துச் சுட்டலும் வகுத்துக் காட்டலும் நம் நூல் உத்திகளுள் அடங்கியனவன்றோ! பொறி வழிதவறினால், ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தி நடத்தி, குழாயின் முகப்பில் தோன்றும் ஒளிப்புள்ளிகளை நோக்கிப் பிழை காணும் வகையையும் உணர்த்தினார். பொறியில் ஓர் ஊதலும் இருந்தது. அதற்குரிய கட்டளையைத் திரும்பத் திரும்ப நடத்தினால் இசைபோன்ற ஒலி எழும் என்று அவர் காட்டிய சிறு குறிப்பைப் பற்றிக்கொண்டு, கிறிஸ்டபர் ஸ்டிராச்சி என்பார் 1951-லேயே அப்பொறியை நாட்டுப்பண் இசைக்கச் செய்தார். ஒரு சிறு துணுக்கு மற்றொருவர் கையிற் சேர்ந்து வளர்ந்த வரலாறு இது.

அக்கையேட்டின் கடுமையை நோக்கி, அடுத்த ஆண்டே டோனி புரூக்கர் என்பார் அதனைத் திருத்தி எழுதினார். அவரே பின்னர் 1954-இல் எளிய குறியீட்டு மொழி ஒன்றையும் அப்பொறிக்கு அமைத்தார்.

பிழை களைதல்

1947-இல் டொனால்டு டேவிஸ் என்னும் இளைஞர், 1936-ஆம் ஆண்டுக் கட்டுரையின் அட்டவணையிலேயே பிழைகள் சில இருப்பதைக் கண்டு கூறினார். பேரறிஞர் வகுத்த நிரலிலும் பிழை புகும் என்பதற்கு அது சான்றாயிற்று.

1949 ஜூன் மாதம் கேம்பிரிட்ஜில் கூடிய மாநாட்டில், பெரிய நிரலின் செம்மையை நிறுவுவது எவ்வாறு என்பது பற்றி டூரிங் ஒரு சிறு கட்டுரை படித்தார். நீண்ட கூட்டற்கணக்கைச் சரிபார்க்கும்போது, ஒவ்வொரு நிரையிலும் மேற்கொண்டு சென்ற இலக்கத்தைக் கீழே எழுதிவைத்தால், நிரைகளைத் தனித்தனியே பலர் பார்க்கலாம். அதுபோல் நிரலின் இடையிடையே, இவ்விடத்தில் இப்பெட்டியில் இன்ன மதிப்பு இருக்கும் என்னும் உறுதிமொழியை எழுதிவைக்க வேண்டும் என்றார். பெருக்கும் வசதியில்லாத பொறியில் 1, 2, 3 முதலிய எண்களின் தொடர்பெருக்கத்தைக் கூட்டலாலேயே காணும் ஒரு நிரலை எடுத்துக்காட்டினார். மூன்றன் தொடர்பெருக்கம் 6. அதனை நான்கு முறை கூட்டினால் நான்கன் தொடர்பெருக்கமாகிய 24 கிடைக்கும். இவ்வாறே மேலும் செல்லலாம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பெட்டியில் உள்ளது இன்னதென்று எழுதிவைத்தால், நிரலின் ஒவ்வொரு பகுதியையும் தனித்து ஆராயலாம். சுற்றுதோறும் குறைந்துகொண்டே வரும் அளவொன்றைக் காட்டினால், நிரல் என்றேனும் நின்றே தீரும் என்பதும் உறுதியாம்.

தொல்காப்பியம் அதங்கோட்டாசானுக்கு அரில்தப உரைக்கப்பெற்றது என்பது மரபு. அவ்வாசிரியர் நம் மாவட்டத்து அதங்கோட்டைச் சார்ந்தவர் எனக் கருதுவர். நூல் எத்துணைப் பெரிதாயினும், குற்றம் காண்பார் முன் வைத்துத் தெளிந்தபின்னரே உலகிற்கு வழங்குதல் சான்றோர் நெறி. நிரலுக்கும் அந்நெறியே உரியது.

துன்பமும் முடிவும்

1950-இல், பொறி எண்ணுமோ என்னும் வினாவை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். மறைவிலிருந்து எழுத்தால் விடைபகரும் பொறியை மனிதனினின்று வேறுபிரித்து அறிய இயலாதாயின், அது எண்ணுகின்றது என்று ஏன் கொள்ளலாகாது என்பது அதன் கருத்து. 1951-இல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1952-இல் விலங்குகளின் வரிகளும் புள்ளிகளும் உருவாகும் வகையைக் கணிதத்தால் விளக்கினார்.

அவ்வாண்டிலேயே பெருந்துன்பம் சூழ்ந்தது. தம் வீட்டில் நிகழ்ந்த திருட்டைக் காவலரிடம் முறையிடச் சென்ற டூரிங், ஆடவர் ஒருவரோடு தமக்கிருந்த உறவை மறையாது கூறினார். அந்நாட்டில் அக்காலச் சட்டம் அதனைக் குற்றமெனக் கொண்டது. சிறையா, உடலின் இயல்பை மாற்றும் மருந்தூசியா என்று நீதிமன்றம் கேட்க, அவர் ஊசியை ஏற்று ஓராண்டு துன்புற்றார். நாட்டின் மறைகளைக் காத்தவர் நாட்டின் மறைப்பணியினின்றும் விலக்கப்பட்டார். 1954 ஜூன் 7-ஆம் நாள் நஞ்சால் உயிர்நீத்தார். வயது 41. தற்கொலை என்றது விசாரணை. வேதிப்பொருளைக் கையாளுகையில் நேர்ந்த விபத்து என்றே அன்னையார் நம்பினார். போத்தனூரிற் பிறந்த அவ்வன்னையாரே 1959-இல் தம் மகனின் சரித்திரத்தை முதன்முதல் நூலாக எழுதினார். மகன் போர்க்காலத்தில் ஆற்றிய அருஞ்செயல் இன்னதென்று முற்றும் அறியாமலேயே அவர் அதனை எழுத நேர்ந்தமை நினைக்குந்தோறும் நெஞ்சை உருக்குவதாம்.

பின்னர் உலகம் தன் கடனை மெல்லத் தீர்க்கத் தொடங்கியது. கணிப்பொறித் துறையின் தலையாய பரிசு 1966 முதல் அவர் பெயரால் வழங்கப்பெறுகின்றது. பழைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்திற் பிறந்து கிண்டி பொறியியற் கல்லூரியில் பயின்ற ராஜ் ரெட்டி அவர்கள் 1994-இல் அப்பரிசைப் பெற்றார். 2009-இல் ஆங்கிலேயத் தலைமை அமைச்சர் டூரிங்குக்கு இழைத்த கொடுமைக்கு மன்னிப்பு வேண்டினார். 2013-இல் அரசியின் மன்னிப்பாணை பிறந்தது. 2021-இல் அவர் உருவம் 50 பவுண்டு நாணயத்தாளிற் பொறிக்கப்பெற்றது. நம் நாட்டிலும் அவ்வகைச் சட்டத்தின் கூறு 2018-இல் உச்சநீதிமன்றத்தால் தளர்த்தப்பட்டது. மன்னிப்பு நன்றே, ஆயினும் இறந்தார் செவியில் அது விழுவதில்லை. உயிரோடிருக்கும்போதே ஒருவருக்கு நீதி செய்தல் வேண்டும் என்னும் பாடத்தை அவர் முடிவு நமக்குக் கற்பிக்கின்றது.

மாணவ நண்பர்களே! பெரிய காரியத்தைச் சிறு பகுதிகளாய்ப் பிரித்தல், ஒருமுறை செம்மையாய்ச் செய்ததைப் பிறரும் எடுத்தாளுமாறு வைத்தல், விட்ட இடத்தை மறவாது மீளல், தம் வேலையில் தாமே பிழை தேடுதல் ஆகிய நான்கும் டூரிங்கின் வாழ்வில் நாம் காணும் பண்புகள். கணிதம் பயில்வார்க்கும், தமிழ் பயில்வார்க்கும், வயலும் வாணிகமும் நடத்துவார்க்கும் இவை பொதுவானவை. அவர் பெயரை நம் கல்லூரி இளைஞர் நன்றியோடு நினைவார்களாக. அவர் காட்டிய பொறுமையோடு தத்தம் துறையில் உழைப்பார்களாக.